டான்சில் கல்: அடையாளம் காண்பதும் அகற்றுவதும்

காலையில் வாய் கொப்பளித்துக் காறித் துப்பும்போது அரிசி நொய் அளவில் வெளிர்மஞ்சள் துணுக்கு ஒன்று விழுந்து, அதை நசுக்கினால் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால், அது பெரும்பாலும் டான்சில் கல்லாகவே இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லில் பழுப்புக் கறை படிவதற்கு நிலத்தடி நீரின் ஃபுளோரைடு காரணம் என்பதை அறிந்த நாம், தொண்டையில் கல் என்றதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே சந்தேகிக்கிறோம். ஆனால் இந்தக் கல் உருவாகும் விதம் வேறு.

வாயை அகலத் திறந்து, டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இருபுறமும் புடைத்திருப்பவை டான்சில்கள். (பேச்சில் இரண்டையுமே உள்நாக்கு என்பதால், மருத்துவரிடம் சொல்லும்போது குழப்பம் நேர்கிறது.) டான்சிலின் மேற்பரப்பிலுள்ள சிறு குழிகளில் உணவுத் துகள்களும் உதிர்ந்த செல்களும் சளியும் தங்கிவிட, காற்றுப் படாத அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் பெருகிக் கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுகின்றன, எச்சிலிலிருந்து கால்சியம் உப்புகள் படியப் படிய அந்தக் கழிவு இறுகிக் கல்லாகிறது. அடிக்கடி டான்சில் வீங்கியவர்களுக்கும், குழிகள் ஆழமாக அமைந்தவர்களுக்கும் இது மீண்டும் மீண்டும் வரும்.

பலருக்கு அறிகுறியே இராது. மற்றவர்களுக்குப் பல் துலக்கிய பிறகும் போகாத வாய்நாற்றம், முள் சிக்கியது போன்ற உறுத்தல், கசப்புச் சுவை, வறட்டு இருமல் ஆகியவை தோன்றும். தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்பு இருப்பதால், குறையற்ற காதிலும் வலி தெரியலாம். இது ஒட்டிக்கொள்ளும் நோயன்று. நாற்றத்திற்கு அஞ்சி வாயைப் பொத்திக்கொண்டு, பேச்சையே குறைத்துக்கொள்பவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்துத் தொண்டை வரை கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். நாக்கை வழிப்பதும், வாய் உலராமல் தண்ணீர் குடிப்பதும், புகைப்பிடிப்பதை விடுவதும் உதவும். ஊக்கு, தீக்குச்சி, துடைப்பக் குச்சி எதனாலும் குத்தி எடுக்காதீர்கள். டான்சிலில் இரத்த ஓட்டம் மிகுதி. கீறினால் இரத்தம் கொட்டும், சீழும் பிடிக்கலாம்.

ஒருபக்க டான்சில் மட்டும் பெரிதாவது, விழுங்க முடியாமை, எச்சிலில் இரத்தம், காய்ச்சல், மூன்று வாரம் தாண்டிய வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள், கல்தான் என்று தாமே முடிவு செய்து நாளைக் கடத்தவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கல் பெரிதாக இருந்தால் மருத்துவரே கருவியால் எடுத்துவிடுவார். ஓயாமல் தொல்லை தந்தால் மட்டுமே டான்சிலை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார். எத்தனை நாளாக உறுத்துகிறது, எந்தப் பக்கம், புகையிலைப் பழக்கம் உண்டா என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.