ஃபீனிக்ஸ் பக்கம் புதிதாக வந்திருக்கிறீர்களா? இந்தக் குளிர்காலத்தில் நாலு பேச்சாவது கேளுங்கள்

சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வேலைக்கு வந்திறங்கும் நம்மவர்களுக்கு டிரைவிங் லைசென்ஸ், பள்ளிக்கூடம், இந்தியன் கடை, மாரிகோப்பாவில் இருக்கும் மகா கணபதி கோயில் என்று எல்லா விவரமும் வாட்ஸப்பிலேயே வந்துவிடும். அந்தக் கோயிலுக்குப் போகும் 347-ஆம் எண் சாலை யாருடைய நிலத்தில் போகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஐ-10-ஐ விட்டு இறங்கியதும் இருபுறமும் வயலும் பொட்டலுமாக வருவது ஹீலா நதிப் பழங்குடிச் சமூகத்தின் நிலம். அகிமெல் ஓ'ஓதம், பீ போஷ் என்ற இரு மக்கள் சேர்ந்து வாழும் இடம். அரசு, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் அவர்களுடையதே. அரிசோனாவில் இப்படி மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடிச் சமூகங்கள் 22 இருக்கின்றன.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள நல்ல வழி, ஊரில் நடக்கும் வரலாற்றுப் பேச்சுகளுக்குப் போவது. பெரும்பாலும் இலவசம். சீசன் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கோடையில் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரிக்குக் (43 செல்சியஸ்) குறையவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. நவஹோ, ஓ'ஓதம் மக்களிடம் சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற வழக்கம் இருக்கிறது.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் ஊர் நூலகம். முகவரிச் சான்று காட்டி கார்டு வாங்கும்போதே நிகழ்ச்சி அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். அரிசோனா ஹியூமானிட்டீஸ் என்ற அமைப்பு நூலகங்களுக்கும் சிறிய அருங்காட்சியகங்களுக்கும் பேச்சாளர்களை ஊர் ஊராக அனுப்புகிறது. சாண்ட்லர் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. டூசானில் ஆர்க்கியாலஜி சவுத்வெஸ்ட் நடத்தும் 'ஆர்க்கியாலஜி கஃபே' பேச்சுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம். மார்ச் மாதம் மாநிலம் முழுக்கத் தொல்லியல் மாதம். அப்போது எதற்குப் போவது எதை விடுவது என்று திணறிப்போவீர்கள். கட்டணம் வாங்கும் மியூசியங்களுக்கு இலவச பாஸ் சில நூலகங்களிலேயே கிடைக்கும். இதைப் பலர் கேட்பதே இல்லை.

எந்தத் தலைப்பில் தொடங்கலாம் என்று என்னிடம் கேட்டால், வாய்க்கால் என்பேன். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வாழ்ந்த மக்கள் (தொல்லியலாளர்கள் வைத்த பெயர் ஹோஹோகம்) சால்ட் நதியிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால்களைக் கைக்கருவிகளால் வெட்டி, இந்தப் பாலையில் சோளமும் பருத்தியும் விளைவித்திருக்கிறார்கள். 1867-இல் ஜாக் ஸ்விலிங் என்பவர் பாசன கம்பெனி தொடங்கியது அந்தப் பழைய தடங்களைப் பார்த்துத்தான். இன்று நீங்கள் வாக்கிங் போகும் கால்வாய்க் கரைகளில் சில அதே தடங்களை ஒட்டியே போகின்றன. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள செதவ் வஆகி மியூசியத்தில் (2023 வரை புவெப்லோ கிராண்டே என்று பெயர்) அந்த வாய்க்கால்களின் மிச்சத்தையும், மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய பெரிய மேடையையும் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாய்க்கால் வெட்டிய அந்த மக்கள் 1450 வாக்கில் "மர்மமாக மறைந்துபோனார்கள்" என்று சொல்லும் பேச்சாளர் இன்னமும் இருக்கிறார். அவர்கள் எங்கள் முன்னோர், நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம் என்று ஓ'ஓதம் மக்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களிலும் பலர் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள். அதனால் இரண்டு பேச்சுகளில் ஒன்றாவது பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர் பேசுவதாக இருக்கட்டும்.

வாய்க்கால் கதையின் அடுத்த பகுதி கசப்பானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் ஹீலா நதியை மேல்பகுதியிலேயே திருப்பிவிட்டார்கள். ஊருக்கே கோதுமை விற்ற ஓ'ஓதம் விவசாயிகள் பட்டினி கிடந்தார்கள். 2004-இல் வந்த சட்டத்தால்தான் நீரில் பெரும்பங்கு அவர்களுக்குத் திரும்பியது. நதிநீர் வழக்கு என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தத் தலைப்பில் ஒரு பேச்சு கேட்டுவிட்டு 347-இல் போனால் அந்த வயல்களைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் தினமும் கடக்கும் இந்தியன் ஸ்கூல் ரோடு, 1891 முதல் 1990 வரை நடந்த உறைவிடப் பள்ளியின் பெயரைத் தாங்கியது. பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்தும் தாய்மொழியிலிருந்தும் பிரிக்கவே இத்தகைய பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஹெர்ட் மியூசியத்தில் இதற்கென்றே ஒரு காட்சிக்கூடம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்த முகாம்களில் ஒன்று, ஹீலா நதிச் சமூகத்தின் நிலத்திலேயே, அவர்கள் எதிர்ப்பை மீறி, 1942-இல் அமைக்கப்பட்டது. டூசானுக்குத் தெற்கே சான் சேவியர் மிஷனை 1692-இல் தொடங்கிய கினோ பாதிரியார் வட இத்தாலிக்காரர், இயேசு சபைக்காரர். கீழை நாடுகளுக்குப் போக ஆசைப்பட்டவரை மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1711-இல் அவர் இறந்தபோது, அதே சபையின் இன்னொரு வட இத்தாலிக்காரரான நம் வீரமாமுனிவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருந்தார். நூறு ஆண்டுக்கு முன்பு இந்தப் பாலைப் பக்கம் வந்து, நிலம் வாங்கத் தடை இருந்த காலத்தில் மெக்சிகப் பெண்களை மணந்து குடும்பமான பஞ்சாபி விவசாயிகளைப் பற்றிய பேச்சு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அரங்கில் எப்படி நடந்துகொள்வது? அறிவித்த நேரத்துக்கே தொடங்கிவிடுவார்கள்; ஐந்து நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். முக்கால் மணி நேரம் பேச்சு, அப்புறம் கேள்வி. "செவ்விந்தியர்" என்ற நினைப்பிலேயே கேள்வி கேட்காமல் ஓ'ஓதம், ஹோப்பி, அப்பாச்சி என்று அந்தந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சடங்குகளைப் பற்றித் துருவ வேண்டாம். சொல்லக்கூடியதை அவர்களே சொல்வார்கள். ஹோப்பி கிராமங்களுக்குப் போனால் படம், வீடியோ, ஒலிப்பதிவு, ஏன் கையால் வரைவதுகூடக் கூடாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் கூட்டிப் போங்கள். கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள், பகலில் நடக்கும் பேச்சுகளும் நிறைய. வீட்டிலேயே அடைந்து கிடந்து சலித்துப்போன பெரியவர்களுக்குப் பேச்சுத்துணை கிடைக்கும். ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டாலும் ஸ்லைடு இருக்கும். சில இடங்களில் டெப்பரி பீன்ஸும் விற்பார்கள். பாலையின் வறட்சியைத் தாங்கி விளையும் சின்னப் பயறு, சுண்டலுக்கு அருமை. முந்தின இரவே ஊறப்போட்டாலும் குக்கரில் சில விசில் கூடுதலாக விட வேண்டும்.

வெளியூர்ப் பேச்சுக்குக் கிளம்புபவர்களுக்கு ஒன்று. அரிசோனாவில் கோடை, குளிர் என்று கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ நிலத்தில் மாற்றுவார்கள். அதற்குள்ளேயே தீவு மாதிரி இருக்கும் ஹோப்பி நிலத்தில் மாற்றுவதில்லை. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நவஹோ தலைநகரான விண்டோ ராக்கில் பத்து மணிக் கூட்டம் என்றால் ஃபீனிக்ஸ் கணக்குக்கு ஒன்பது மணி. போனை நம்பாதீர்கள், எல்லை தாண்டும்போது அது குழம்பும்.