பழைய மதுக்கூடத்துச் சுவரைப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

நியூயார்க்கின் கிழக்கு 7ஆம் தெருவில் மெக்சார்லீஸ் என்ற மதுக்கூடம் இருக்கிறது. பரிமாறும் மேடைக்கு மேலே, பழைய கேஸ் விளக்கில் வான்கோழிகளின் கவையெலும்புகள், அதாவது நெஞ்சுப் பகுதியிலுள்ள கவை வடிவ எலும்புகள், தொங்குகின்றன. இவை என்னவென்று கேட்டால் ஒரு கதை கிடைக்கும். முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட இளைஞர்கள் ஆளுக்கொரு எலும்பை மாட்டிவிட்டுப் போனார்களாம், உயிரோடு திரும்பியவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொண்டார்களாம், மிச்சமிருப்பவை திரும்பாதவர்களுடையவையாம்.

கேட்ட கதையை அப்படியே நம்பிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1940இல் நியூயார்க்கர் இதழில் இந்த இடத்தைப் பற்றி எழுதிய ஜோசப் மிட்செல் வேறொன்று சொல்கிறார்: பண்டிகை நாள் வான்கோழிகளின் எலும்புகளைப் பல ஆண்டுகள் சேர்த்துவைத்து, அங்கே கோத்துத் தொங்கவிட்டவர் நிறுவனர் ஜான் மெக்சார்லி. அவர் இறந்தது 1910இல். அமெரிக்கா போரில் இறங்கியதோ 1917இல். அதற்காகப் போர்வீரர் கதையைப் பொய்யென்று தூக்கி எறிவதும் அவசரம்தான். கிழவர் தொடங்கிவைத்த வரிசையில் பின்னால் வந்தவர்கள் தங்கள் எலும்பையும் சேர்த்திருக்கலாம். இத்தகைய இடங்களில் ஒரு பொருளுக்கு இரண்டு கதைகள் இருந்தால் எது முந்தியது, யார் எழுதிவைத்தது என்று பார்ப்பதே முறை. கியூபாவின் ஹவானா நகரத்து லா போதெகீதா மதுக்கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கும், எழுத்தாளர் ஹெமிங்வேயின் கையெழுத்து வாசகத்தையும் ஆய்வாளர்கள் பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

பலகையில் எழுதிய ஆண்டும் ஒரு கதைதான். மெக்சார்லீஸ் தன்னை 1854இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. பழைய பதிவேடுகளைத் துருவியவர்களோ, 1860-61இல்கூட அந்த இடம் காலி மனையாகவே இருந்தது என்கிறார்கள்.

சுவரில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, இல்லாததைக் கவனிக்காமல் வருவது இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு என்பேன். அங்குள்ள படங்களிலும் செய்தித்தாள் துணுக்குகளிலும் ஆண்களின் முகங்களே நிறைந்திருப்பது தற்செயல் அல்ல. 'நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்களுக்கு இடமில்லை' என்பது அந்த மதுக்கூடத்தின் பெருமைமிகு வாசகமாக இருந்தது (ஏல் என்பது ஒரு வகை பீர்). வழக்குத் தொடுக்கப்பட்டு, நகரச் சட்டமும் மாறிய பிறகு, 1970இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. பெண்களுக்கான கழிப்பறைக்கு மேலும் 16 ஆண்டுகள் ஆயின. இதில் விசித்திரம் என்னவென்றால், 1939 முதல் பல ஆண்டுகள் அந்த மதுக்கூடத்தின் உரிமையாளராக இருந்தவரே ஒரு பெண். டோரதி கிர்வான், தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, வியாபார நேரத்தில் உள்ளே கால் வைக்காமலே இருந்தார் என்கிறார்கள். எலும்புக்குக் கழுத்தை வளைக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் இதை விசாரிக்கிறார்கள்?

நடத்துபவர்கள் செய்யும் தவறு வேறு வகை: சுத்தம். 2011இல் சுகாதார ஆய்வாளரின் வற்புறுத்தலால் எலும்புகளைத் தூசி தட்ட வேண்டி வந்தபோது, அப்போதைய உரிமையாளர் மேத்யூ மாஹர் அந்த வேலையை வேறு யாரிடமும் விடாமல் தாமே செய்தார். சரியான முடிவு. புதிதாக வந்த மேலாளர் ஒருவர் உற்சாகத்தில் கூரைக்கு வெள்ளையடித்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது. பழைய கூரைகளின் அந்தப் பழுப்பு நிறம் பல தலைமுறைகளின் புகையிலைப் புகை. நியூயார்க் மதுக்கூடங்களில் 2003இலும், இங்கிலாந்தில் 2007இலும் புகைபிடிக்கத் தடை வந்துவிட்டதால், அந்த நிறம் இனி தானாக உண்டாகப் போவதில்லை. படங்களை ஒழுங்காக இடம் மாற்றி மாட்டுவதும் இதே ரகம்தான்; எது எப்போது வந்தது என்ற வரிசை அதோடு குலைந்துபோகிறது.

சுவரில் பெயர் எழுதுவதற்குப் பொது விதி கிடையாது. லா போதெகீதாவில் கையெழுத்துகள்தான் சுவரே. அதைப் பார்த்த தைரியத்தில் இன்னொரு ஊரில் பேனாவை எடுக்காதீர்கள்; முதலில் கேளுங்கள். கூட்டம் நெரியும் இரவில் வேண்டாம், கடை ஓய்ந்திருக்கும் பிற்பகலில் கேட்டால் கதையும் சேர்ந்தே கிடைக்கும்.

தொடுவதற்கு விட்டால் எல்லை தெரியாமல் போகிறவர்களும் உண்டு. கனடாவின் யூகான் பகுதியில், டாசன் சிட்டி நகரத்து டவுன்டவுன் ஹோட்டலில், பதப்படுத்திய மனிதக் கால்விரலை மதுவில் போட்டுத் தருகிறார்கள். 1973இல் தொடங்கிய வழக்கம் இது. உதடு விரலில் பட வேண்டும், அவ்வளவுதான். 2013இல் ஒருவர் வேண்டுமென்றே விரலை விழுங்கிவிட்டு, அபராதமான 500 டாலரை மேடையில் வைத்துவிட்டுப் போனார். அபராதம் 2,500 டாலராக உயர்ந்தது. 2017இல் இன்னொருவர் விரலைத் திருடிக்கொண்டே போய்விட்டார். பிறகு மன்னிப்புக் கடிதத்தோடு அதைத் தபாலில் திருப்பி அனுப்பினார்.