ஊருக்குப் போகிறவர்கள் ஒழுங்கையையும் படமெடுங்கள்

யாழ்ப்பாணம் போய்வந்தவர்களின் தொலைபேசியில் நல்லூர்க் கோபுரம் இருக்கும், பொது நூலகம் இருக்கும், கோட்டை இருக்கும். வீட்டிலிருந்து சந்திக்குப் போகிற ஒழுங்கை, அதாவது வேலிகளுக்கு நடுவே போகிற குறுந்தெரு, இருக்காது. ஆனால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற அம்மம்மாக்கள் கேட்பது அதைத்தான். மதகடி வேம்பு இன்னும் நிற்கிறதா, மூலைக்கடை இப்போது யாரிடம் இருக்கிறது, வைரவர் கோயிலைக் கட்டிவிட்டார்களா என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்து நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வெளிக்கிடுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். வீட்டுப் பெரியவரோடு இருந்து, பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கத்தால் போனார், சந்தைக்கு எந்த ஒழுங்கையால் இறங்கினார் என்று கேட்டு ஒரு தாளில் கீறிக்கொள்ளுங்கள். ஊரில் அதே வழியை அதே வரிசையில் படமெடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் ஒன்று, திரும்பி நின்று வந்த பக்கம் ஒன்று. சந்தி என்றால் எல்லாத் தெருவும் தெரிய வேண்டும். அழகுக்காக ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்த படத்தில் பெரியவர்களுக்கு இடம் பிடிபடாது. கடைப் பெயர்ப் பலகை, மின்கம்பம், மதகு எல்லாம் விழட்டும். இதற்குச் சைக்கிள்தான் நல்லது. தரை மட்டமானது, நினைத்த இடத்தில் இறங்கலாம், ஒழுங்கைக்குள் ஓட்டோவில் போய் இறங்கும்போது திரும்பிப் பார்க்கிற அளவுக்கு யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

எதை எடுப்பது என்று கேட்டால், முதலில் வேலிகளைச் சொல்வேன். கிடுகு வேலியும், வேலிக்கு நட்டுத் தளிர்க்கவிடுகிற கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களும் மதிலாக மாறிக்கொண்டே வருகின்றன. சங்கடப் படலை என்கிற கூரை போட்ட வாசற்கதவு எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், இனி யாரும் கட்டப்போவதில்லை. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கிற தெருவோரச் சுமைதாங்கி, கேணிக்குப் பக்கத்தில் மாடுகள் உரஞ்சுவதற்கு நட்ட ஆவுரஞ்சிக்கல், துலா இருந்த கிணறு, இவற்றை வீதியை அகலமாக்குகிறபோது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கொக்குவில் பக்கம் சுருட்டுத் தொழிலோடு வளர்ந்த ஊர். உங்கள் குடும்பத்தில் யாராவது சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்திருந்தால் அந்த வளவு (காணி) எது என்று விசாரித்து, அங்கே இப்போது என்ன நின்றாலும் அதை எடுங்கள்.

பெரிய இடங்களை விடச் சொல்லவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் முன்வாசல் கிழக்கே பார்க்கிறது, அதனால் காலை வெயில் நேரே விழும். தெற்கே 2011இலும் வடக்கே 2015இலும் எழுந்த ஒன்பது நிலைக் கோபுரங்களை, அதற்கு முன் ஊரைவிட்டு வந்தவர்கள் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். நாலு வீதியையும் சுற்றி எடுத்துக்கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை, ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும். 25 நாள் திருவிழாவில் தேரை வெளிவீதியில் எல்லோரும் எடுப்பார்கள். தெருவைத் தெருவாக எடுக்க வேண்டுமென்றால் திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாளில் போங்கள். பருத்தித்துறை வீதியால் கொஞ்சத் தூரம் போனால் முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலை, அப்புறம் மந்திரிமனை என்கிற பழைய மாளிகை, தோரணவாசல். மந்திரிமனை பழுதுபட்ட கட்டடம், மேலே ஏறாமல் வெளியிலிருந்து மரவேலைப்பாட்டை எடுங்கள். ‘ப’ வடிவிலான யமுனா ஏரியும் அந்தப் பக்கந்தான்.

திருநெல்வேலிச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். முதலில் ஏதாவது வாங்குங்கள், பிறகு “ஒரு படம் எடுக்கலாமோ அண்ணை?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில். உள்ளே எடுக்க விரும்பினால் வாசல் காவலரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் எல்லாவற்றையும் வெளிறடித்துவிடும். விடியலிலிருந்து எட்டரை வரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு, இரண்டுந்தான் நேரம். ஓகஸ்டில் சோளகக் காற்று புழுதியைக் கிளப்பும், கமெராவை வெளியில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் மழை. ஆனால் வெள்ளம் நிற்கிற ஒழுங்கையும் ஊர்தானே, அதையும் எடுங்கள்.

இராணுவ முகாம், காவலரண், சோதனைச்சாவடி, பொலிஸ் நிலையம் பக்கம் கமெராவைத் தூக்கவே வேண்டாம். பின்னணியில் விழுந்தாலும் சிக்கல் வரலாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட முடியாது. பள்ளிப் பிள்ளைகளையும் கிணற்றடியில் நிற்கிற பெண்களையும் தூரத்திலிருந்து எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். செத்தவீட்டுப் பந்தலும் அப்படித்தான்.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பூட்டிக் கிடக்கிற வீடுகள் எங்கள் பகுதிகளில் நிறைய. ஒரு வளவில் ஆளில்லை என்று காட்டுகிற படத்தை இட அடையாளத்தோடு முகநூலில் போட்டால் அது கள்ளருக்கும் காணிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் தகவலாகிவிடும். படமெடுக்கத் தொடங்கும் முன்பே கமெராவின் இடப்பதிவை நிறுத்திவிடுங்கள், ஏற்கெனவே எடுத்த படமென்றால் அதிலுள்ள இடத்தகவலை நீக்கியபின் பகிருங்கள். வீடுகளின் படங்களைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருங்கள்.

முகம் தெரிய எடுத்தவர்களுக்கு நகரில் ஒரு ஸ்டூடியோவில் பிரதி அடித்து, புறப்படுவதற்கு முன் கையில் கொடுங்கள். அன்றன்று இரவே, படமெடுத்த ஒழுங்கையின் பெயர், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், யாருடைய வளவு என்பதைக் கொப்பியில் எழுதிவிடுங்கள். விமானத்தில் இருந்து யோசித்தால் பாதி மறந்துபோயிருக்கும்.