பிரீமியருக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கும் நடுவே விடும் எக்ஸ்போர்ட் பிழைகள்

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கினால் திருகோணமலை எடிட்டிங் அறைகளில் ஒரே கதைதான். கோணேசர் கோயிலில் தாலி கட்டு, பின்னேரம் நிலாவெளிக் கடற்கரையில் அவுட்டோர், எல்லாம் வெட்டி ஒட்டி எக்ஸ்போர்ட் (முடிந்த வீடியோவை ஒரே ஃபைலாக வெளியே எடுப்பது) போட்டால் பாதியில் நின்றுவிடும். புதிதாக வந்த பொடியன்கள் உடனே வெட்டி ஒட்டும் மென்பொருளான பிரீமியரை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டோல் பண்ணுகிறார்கள். பழுது பெரும்பாலும் அங்கே இல்லை. டிஸ்க் நிரம்புவது, ஃபைல் தொலைவது எல்லாம் எவருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம்.

டைனமிக் லிங்க்கோடு கடைசி எக்ஸ்போர்ட்

எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத பிழை இது. அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்த கொம்பை, அதாவது கொம்பொசிஷனை, வீடியோ ஃபைலாக எடுக்காமலே பிரீமியர் டைம்லைனில் நேரே போடுவதுதான் டைனமிக் லிங்க். பெயர் டைட்டில், மாலை மாற்றும்போது விழும் பூ, அழைப்பிதழ் அனிமேஷன் என்று இருபது கொம்பை லிங்க் பண்ணி டைம்லைனில் போட்டு, இரண்டு மணிநேர வீடியோவை அப்படியே ஓட விடுகிறார்கள். அந்தக் கொம்புகளின் ஒவ்வொரு ஃபிரேமையும் பின்னணியில் ஓடும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிடம் பிரீமியர் கேட்டு வாங்கவேண்டும். இரண்டுக்கும் இருப்பது ஒரே ரேம். 16 ஜிபி லாப்டொப்பில் அது முட்டிப்போய், ஒரு ஃபிரேம் வராவிட்டாலும் முழு எக்ஸ்போர்ட்டும் விழும்.

விழுந்தால்கூட நல்லது. சிலவேளை லிங்க் அறுந்தது தெரியாமல் எக்ஸ்போர்ட் முடிந்து, மணமக்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள் பதிந்திருக்கும். பெண் வீட்டார் டிவியில் போட்டுப் பார்க்கும்போதுதான் அது வெளிவரும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸை மட்டும் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு பிரீமியரைப் பழையதில் விடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒரே பெரிய பதிப்பாக இருக்கவேண்டும். கலியாண வேலை கையில் இருக்கும்போது எதையும் அப்டேட் பண்ணாதீர்கள்.

டைட்டில் சரியென்று முடிவானதும் கொம்பின்மேல் வலது கிளிக் செய்து 'ரெண்டர் அண்ட் ரிப்ளேஸ்' கொடுங்கள், கொம்பின் இடத்தில் சாதாரண வீடியோ ஃபைல் வந்துவிடும். பின்னால் வீடியோ தெரியவேண்டிய டைட்டிலுக்கு அல்ஃபா (எந்த இடம் ஊடுருவித் தெரியவேண்டும் என்ற தகவல்) சேர்த்த ப்ரோரெஸ் 4444 என்ற வீடியோ வகையைத் தெரிவு செய்யுங்கள். முழுத்திரைக்கு ப்ரோரெஸ் 422 போதும். 1080, 25 ஃபிரேமில் முன்னது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி பிடிக்கும், பின்னது 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. மாப்பிள்ளையின் பெயரில் எழுத்து மாறவேண்டுமென்று போன் வந்தால் 'ரீஸ்டோர் அன்ரெண்டர்ட்' அழுத்துங்கள், லிங்க் திரும்பிவிடும்.

மணிக்கணக்கில் ரெண்டர் ஆகும் கொம்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே பிஎன்ஜி சீக்வென்ஸாக, அதாவது ஃபிரேமுக்கு ஒரு படமாக, எடுங்கள். கரண்ட் போனாலும் முடிந்த ஃபிரேம்கள் மிஞ்சும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாதியில் அறுந்த குயிக்டைம் ஃபைல் பெரும்பாலும் திறக்கவே திறக்காது.

எச்.264இல் அல்ஃபா

கிடையாது. வழக்கமாக எக்ஸ்போர்ட் பண்ணும் எச்.264 வகையில் டைட்டிலை எடுத்தால் கறுப்புப் பின்னணிதான் வரும்.

ஃபிரேம் ரேட்

இங்கே கமராக்கள் பெரும்பாலும் விநாடிக்கு 25 ஃபிரேமில் ஓடுகின்றன. கொம்பை 29.97இல் செய்து 25 டைம்லைனில் போட்டால் எழுத்து நகரும்போது தத்தும். கொம்ப் செட்டிங்ஸை முதலே பாருங்கள்.

உறவினர்கள் போனில் எடுத்துத் தரும் வீடியோ வேறு தலையிடி. போன் ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவதால், எக்ஸ்போர்ட்டில் நாதஸ்வரம் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகும். டைம்லைனுக்குக் கொண்டுவரமுன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 25, 'கொன்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று மாற்றிவிடுங்கள்.

பாமினியில் டைட்டில்

பாமினி பழைய தமிழ் எழுத்துரு. அது இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான். யூனிகோடுக்கு மாறுங்கள். அங்கேயும் எழுத்தின் கொம்புக்குறி (ெ, ே) தனியே பிரிந்து நின்றால், விருப்பத்தேர்வுகளில் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' ஆக்குங்கள். பிரீமியரில் அது கிராஃபிக்ஸ் பகுதியில் இருக்கிறது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைப் பகுதியில்.

பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடுவது

எந்த டைம்கோடில் விழுந்தது என்று அதிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்த இடத்துக்குப் போய் எஃபெக்ட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்து, அந்தப் பத்து விநாடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். பிடிபடாவிட்டால் ப்ரொஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரரை 'சொஃப்ட்வெயர் ஒன்லி' ஆக்குங்கள். அப்போது ஓடினால் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரையோ அதன் மெமரியையோ சந்தேகிக்கலாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் அவசரத்துக்கு வீடியோ வெளியே வந்துவிடும்.

பென் டிரைவுக்கு நேரே எக்ஸ்போர்ட்

வேண்டாம். பென் டிரைவ் ஃபாட்32 ஃபோர்மட்டில் இருந்தால் ஃபைல் 4 ஜிபியில் நின்றுவிடும்.