ஆசிய நாடுகள் கைகோத்து இயற்கை வேளாண்மையை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய ஏலக்காய் இமயமலைச் சரிவுகளின் பயிர். கிழக்கு நேபாளம், சிக்கிம், பூட்டான் மூன்றிலும் ஒரே மாதிரி ஈரத்தில், ஒரே மாதிரி மரநிழலில் விளைகிறது. ரசாயன உரத்தைப் பெரும்பாலும் கண்டதே இல்லை. ஆனால் ஒரு பக்கம் வாங்கிய அங்ககச் (ஆர்கானிக்) சான்று எல்லையைத் தாண்டி மறுபக்கம் தானாகச் செல்லுபடியாகாது. ஐரோப்பிய விதிப்படி சான்று வாங்கி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினால் அதே மூட்டை ஆர்கானிக். பக்கத்துச் சந்தைக்குப் போனால் வெறும் ஏலக்காய்.

ஆசியாவில் இயற்கை வேளாண்மைக்கான கூட்டு முயற்சிகள் தொடர்ந்து தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாநாடுகளுக்கோ பிரகடனங்களுக்கோ குறைவில்லை. அண்டை நாட்டின் ஆய்வாளர் போட்ட கையெழுத்தை ஏற்றுக்கொள்ளும் துணிவுதான் குறைவாக இருக்கிறது. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

இருக்கும் தரத்தை விட்டுவிட்டுப் புதிதாக எழுதுவது

ஆசியாவில் அங்ககத் தர விதிகளுக்குப் பஞ்சமில்லை. உணவுத் தரத்துக்கான கோடெக்ஸ் அமைப்பு 1999லேயே அங்கக உணவுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவிட்டது. இந்தியாவின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி., ஜப்பானின் வேளாண் தர விதியான ஜே.ஏ.எஸ். இரண்டும் 2001லிருந்து நடைமுறையில் உள்ளன. சீனாவுக்கும் கொரியாவுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. 2012ல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, ஐ.நா.வின் வர்த்தக வளர்ச்சி அமைப்பு, உலக அங்கக இயக்கங்களின் கூட்டமைப்பான ஐஃபோம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய திட்டத்தில், ஆசிய வட்டார அங்ககத் தரம் என்று ஒன்று உருவானது. 2014ல் ஆசியான் நாடுகள் தங்களுக்கென்று ஒரு தரத்தை ஏற்றன.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறுபாடு எவ்வளவு சிறியது என்பது புரியும். ரசாயனத்தை நிறுத்திய பின் அங்ககச் சான்றுக்காகக் காத்திருக்கும் மாறுதல் காலம், ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு என்பது இந்தியாவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் ஏறத்தாழ ஒன்றே. செயற்கை உரம், பூச்சிமருந்து, மரபணு மாற்றிய விதை ஆகியவற்றுக்கு எல்லா இடத்திலும் தடை. அப்படியிருக்க, ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் 'பொதுத் தரம் ஒன்றை உருவாக்குவோம்' என்று தீர்மானம் போடுவது, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப்போடும் வழியாகவே ஆகிவிட்டது.

செய்ய வேண்டிய வேலை, இரு நாடுகளும் ஒன்றின் சான்றை மற்றொன்று ஏற்கும் உடன்பாடு. இந்தியாவின் என்.பி.ஓ.பி. சான்றை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே ஏற்றுக்கொண்டது. ஆசியாவுக்குள் இந்தியா இப்படி ஒரு உடன்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது தைவானுடன், 2024 ஜூலையில். இடையில் 18 ஆண்டுகள். அந்த 18 ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் தேயிலை விற்க நினைத்த ஒரு தோட்டம் சந்தைக்கு ஒரு சான்று, ஒரு ஆய்வு, ஒரு கட்டணம் என்று கட்டிக்கொண்டிருந்தது. பெரிய தோட்டங்கள் தாங்கின. இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் அங்ககச் சந்தைப் பக்கமே வரவில்லை.

வெளியாரின் அங்கீகாரத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தும் கண்முன்னே இருக்கிறது. இந்தியச் சான்று முறைக்கு 2006லிருந்து தந்துவந்த ஏற்பை அமெரிக்கா 2021 ஜனவரியில் முடித்துக்கொண்டது. 18 மாத அவகாசத்துக்குள் எல்லோரும் நேரடியாக அமெரிக்கச் சான்றுக்கு மாற வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதி 2022ல் நடைமுறைக்கு வந்தபோது, விவசாயிகள் குழுவாகச் சான்று பெறும் முறையே மாறியது. குழுவுக்குச் சட்டப்பூர்வப் பதிவு வேண்டும், ஒரு குழுவில் 2,000 பேருக்கு மேல் கூடாது. இந்த விதிகள் எழுதப்படும்போது ஆசிய நாடுகள் தனித்தனியாகத்தான் மனு கொடுத்தன. உலகிலேயே அதிக எண்ணிக்கையில் அங்கக விவசாயிகள் உள்ள நாடு இந்தியா. தாய்லாந்தும் வியட்நாமும் இலங்கையும் அதனுடன் ஒரே குரலில் பேசியிருந்தால் குழு விதிகளின் வடிவமே வேறாக இருந்திருக்கக்கூடும் என்று நான் நம்புகிறேன்.

ஒரே இரவில் மாறிவிடலாம் என்று நினைப்பது

இலங்கையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை என்று அரசு அறிவித்தது, அடுத்த மாதமே அது நடைமுறைக்கு வந்தது. நெல்லும் தேயிலையும் பல பத்தாண்டுகளாக அந்த உரத்துக்குப் பழகிய மண்ணில் நின்றன. மாற்றாக எவ்வளவு தொழுவுரம், எவ்வளவு மட்கிய உரம் வேண்டும், அதை யார் எங்கே தயாரிப்பது, எந்த ஊருக்கு எந்த வாரம் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கு இல்லாமலே பெரும்போகம் எனும் முக்கிய நெல் பருவம் வந்துவிட்டது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் விளைச்சல் சரிந்திருந்தது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவோடு இருந்த நாடு வெளியிலிருந்து அரிசி வாங்கியது.

இந்தக் கதையில் வட்டார ஒத்துழைப்பு சம்பந்தப்பட்ட ஒரு பகுதி உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்டச் சீனாவிலிருந்து கரிம உரம் வாங்க ஒப்பந்தம் போடப்பட்டது. சுமார் 20,000 டன் ஏற்றிய கப்பல் புறப்பட்டும் விட்டது. மாதிரியைச் சோதித்த இலங்கையின் தாவரத் தனிமைப்படுத்தல் துறை, அதில் எர்வினியா என்ற பயிர்நோய் பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி அனுமதி மறுத்தது. விற்ற தரப்பு அந்த முடிவை ஏற்கவில்லை. கப்பல் கடலில் நின்றது, வழக்கு நடந்தது, கடைசியில் ஒரு மூட்டைகூட இறங்காமலே இலங்கை 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று வாதாடுவதைவிட முக்கியமான கேள்வி, ஒப்பந்தத்துக்கு முன் ஏன் சோதிக்கவில்லை என்பது. உயிருள்ள பொருளை எல்லை தாண்டி அனுப்பும்போது எந்த ஆய்வகத்தின் முடிவை இரு தரப்பும் ஏற்கும், எந்தக் கிருமிகளுக்குச் சோதனை, மாதிரியை யார் எடுப்பது என்பதெல்லாம் கப்பல் ஏறும் முன்பே எழுதி முடித்திருக்க வேண்டியவை. உயிர் உரம், பயிர்நோயை அடக்கும் ட்ரைக்கோடெர்மா பூஞ்சை, பூச்சி முட்டைகளை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை ஏற்றிய காகித அட்டை என்று எதைப் பரிமாறிக்கொள்ளத் திட்டமிட்டாலும் முதல் ஆறு மாதத்தைத் தாவர நலத் துறைகள் உட்கார்ந்து பேசுவதற்கே ஒதுக்குங்கள். தொழுவுரம் மாதிரி எடை மிகுந்த, விலை குறைந்த பொருளையோ கப்பலில் ஏற்றவே நினைக்காதீர்கள். அது அந்தந்த ஊரில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தயாராக வேண்டியது.

பூட்டானின் தவறு இன்னொரு வகை. 2020க்குள் முழு நாடும் அங்கக நாடு என்று இலக்கு வைத்தார்கள். யாரையும் அது பட்டினி போடவில்லை, ஆனால் எட்டவும் முடியவில்லை. பிறகு 2035க்குத் தள்ளிவைத்தார்கள். சிக்கிம் 2003ல் கொள்கையை அறிவித்து, ரசாயன உரத்துக்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016 ஜனவரியில்தான் முழு அங்கக மாநிலம் என்ற இடத்துக்கு வந்தது. அங்கே பரப்பு சுமார் 75,000 ஹெக்டேர்தான், தொடக்கத்திலேயே உரப் பயன்பாடும் மிகக் குறைவு. அதற்கே 13 ஆண்டு. சிக்கிமை முன்மாதிரி என்று மற்ற நாடுகளுக்குக் காட்டும்போது இந்த இரண்டு விவரத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், கேட்பவர்களைத் தவறான வழியில் அனுப்புகிறோம்.

சிறு விவசாயிகளின் சொந்தச் சான்று முறையை இரண்டாந்தரமாகப் பார்ப்பது

பங்கேற்பு உத்தரவாத முறையை எல்லோரும் பி.ஜி.எஸ். என்றே சொல்கிறார்கள். வெளியிலிருந்து ஆய்வு நிறுவனம் வருவதற்குப் பதில் குழுவிலுள்ள விவசாயிகளே ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து உறுதி சொல்வது. 'தங்களுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்' என்று அதிகாரிகள் கூட்டத்தில் இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒரு நல்ல குழுவோடு வயலுக்குப் போனால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

குழு முதலில் மோட்டார் ரூமுக்குத்தான் போகும். மூலையில் கைத்தெளிப்பான் இருந்தால் மூடியைத் திறந்து ஒருவர் முகர்ந்து பார்ப்பார். விதைப் பையைக் காட்டச் சொல்வார்கள். மருந்து தடவிய விதைக்குச் சாயம் ஏற்றியிருக்கும், காலிப் பையின் மடிப்பில் அந்தச் சாயத்தூள் நிற்கும். களையே இல்லாத வயலைக் கண்டால், எத்தனை ஆள் வந்து எடுத்தார்கள், என்ன கூலி என்று கேட்பார்கள். அந்த ஊரில் அந்த வாரம் ஆள் கிடைத்ததா இல்லையா என்பது கேட்பவருக்கே தெரியும். ஓர வரப்பில் புல் கருகியிருந்தால் பக்கத்து நிலத்துக்காரர் களைக்கொல்லி அடித்த காற்று எந்தப் பக்கம் வீசியது என்று பேச்சு ஆரம்பிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை காரில் வந்து படிவம் நிரப்பும் ஆய்வாளர் இவற்றில் பாதியைத் தவறவிடுவார்.

இந்த முறைக்குக் குறை உண்டு. உறவும் நட்பும் சில நேரம் கண்ணை மறைக்கும். அதனால்தான் அவ்வப்போது விளைபொருளில் ரசாயன எச்சம் உண்டா என்ற பரிசோதனையும், வேறு மாவட்டக் குழு வந்து பார்ப்பதும் வேண்டும்.

இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகள் 2017லேயே பி.ஜி.எஸ். இந்தியா சான்றை ஏற்றன. பிலிப்பைன்ஸ் 2020ல் தன் அங்கக வேளாண் சட்டத்தைத் திருத்தி இம்முறையைச் சேர்த்தது. வியட்நாமிலும் லாவோஸிலும் குழுக்கள் உண்டு. இவை எல்லாமே அந்தந்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகின்றன. இந்தியாவில் பி.ஜி.எஸ். பொருளை அங்ககப் பொருளாக ஏற்றுமதி செய்யவே வழியில்லை. எல்லையோரச் சந்தைகளிலிருந்தாவது தொடங்கலாம். குறிப்பிட்ட சில பொருள்கள், குறிப்பிட்ட அளவு, இரு நாட்டுக் குழுக்களும் ஆண்டுக்கொரு முறை ஒருவர் வயலை மற்றவர் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் சோதித்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை.

வயலோடு கவனத்தை நிறுத்திவிடுவது

2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகப் பெல்ஜியம் எச்சரிக்கை விடுத்தது. ஐரோப்பாவில் எள்ளுக்கான வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். தொடர்ந்து நடந்த சோதனைகளில் அங்கக எள்ளும் சிக்கியது. இது வயலில் தெளிக்கும் மருந்தே இல்லை. சால்மோனெல்லா கிருமியைக் கொல்லச் சேமிப்பிலும் பதப்படுத்தும் இடத்திலும் பயன்படுத்தும் வாயு. ஆர்டர் எடுத்தவர் கிருமி இல்லாத எள் வேண்டும் என்கிறார், கிடங்கில் யாரோ சுலபமான வழியைப் பிடிக்கிறார், இரண்டு ஆண்டு மாறுதல் காலத்தைப் பொறுத்துக்கொண்ட விவசாயியின் சரக்கும் அதே கன்டெய்னரில் திரும்பி வருகிறது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் இயங்கிய சில சான்று நிறுவனங்களுக்கான ஏற்பையே விலக்கிக்கொண்டது.

பயிற்சித் திட்டங்களில் ஜீவாமிர்தமும் மண்புழு உரமும் இருக்கும் அளவுக்குக் கிடங்கு, சாக்கு, லாரி, நீராவிச் சுத்திகரிப்பு பற்றிய பாடம் இருப்பதில்லை. பல நாடுகள் சேர்ந்து பணம் போடத் தகுந்த இடம் இதுதான். எச்சச் சோதனைக்கான ஆய்வகக் கருவிகள் விலை மிகுந்தவை. பூட்டானோ லாவோஸோ எல்லாவற்றையும் தனியே வாங்கிப் பராமரிப்பதில் அர்த்தமில்லை. அருகிலுள்ள ஒரு ஆய்வகத்தைப் பொதுவாக வைத்து, அதன் முடிவை எல்லோரும் ஏற்றால் போதும்.

ஏற்றுமதியை மட்டும் சந்தை என்று எண்ணுவது

கொரியாவின் ஹன்சலிம் கூட்டுறவு 1986லிருந்து நகரத்து நுகர்வோரையும் விவசாயிகளையும் நேரடியாக இணைத்து வருகிறது. ஜப்பானின் தெய்கெய் முறை அதற்கும் மூத்தது. இரண்டும் கப்பலை நம்பாமல் வளர்ந்தவை. ஆனால் வட்டாரத் திட்ட அறிக்கைகளில் வெற்றியின் அளவுகோலாக வருவது ஏற்றுமதி டாலர் மட்டுமே. பள்ளி மதிய உணவுக்கு அங்கக அரிசி வாங்கும் முறையை ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குக் கற்றுத்தருவதும் ஒத்துழைப்புதான்.

அமைச்சகங்களிடம் எல்லாவற்றையும் விட்டுவிடுவது

சார்க் உச்சி மாநாடு 2014ல் காட்மாண்டுவில் கூடியதோடு சரி. அதற்கு முந்தைய மாநாட்டில், 2011ல், விதை வங்கி ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது. அரசுகளுக்கிடையே பேச்சு நின்றால் விதையும் நின்றுவிடும் என்ற நிலை விவசாயிக்கு ஆகாது. அதனால் உள்ளாட்சிகள் வழியாகப் போகும் பாதையை நான் பெரிதும் மதிக்கிறேன். கொரியாவின் கோயெசன் மாவட்டத்தில் 2015ல் தொடங்கிய ஆசிய உள்ளாட்சிகளின் அங்கக வேளாண் கூட்டமைப்பு, அல்கோவா, அப்படிப்பட்டது. ஒரு மேயரும் இன்னொரு மேயரும் பேசிக்கொள்ள வெளியுறவுக் கொள்கை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு ஓட்டை: கணக்கு. உலகச் சுங்கக் குறியீட்டின் முதல் ஆறு இலக்கத்தில் அங்ககத் தேயிலையும் மற்றத் தேயிலையும் ஒன்றுதான். அதனால் ஆசிய நாடுகளுக்கிடையே எவ்வளவு அங்ககப் பொருள் நகர்கிறது என்பதைச் சுங்கப் பதிவிலிருந்து நேராக எடுக்க முடிவதில்லை. கணக்கு இல்லாத வர்த்தகத்துக்கு நிதியமைச்சர் பணம் ஒதுக்க மாட்டார். ஆறுக்குப் பிந்தைய இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தானே சேர்த்துக்கொள்ளலாம். தேயிலை, மிளகு, அரிசி, ஏலக்காய், எள் என்று ஐந்து பொருளுக்கு மட்டும் அண்டை நாடுகள் இரண்டு பேசிவைத்துத் தனிக் குறியீடு சேர்த்தால் அடுத்த நிதியாண்டிலிருந்தே எண்கள் வரத் தொடங்கும். இதற்குப் புது உடன்படிக்கை தேவையில்லை, இரு நாட்டுச் சுங்கத் துறைகளின் அறிவிப்பு போதும்.