6.2க்கு மருந்து இல்லை, 4.6க்கு மருந்து உண்டு: இதய ஆபத்தைக் கணிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

பினாங்கில் ஒரே வீட்டு மேசைக்கு இரண்டு இரத்தப் பரிசோதனைத் தாள்கள் வந்துவிட்டால் ஒப்பீடு உடனே தொடங்கிவிடும். மாமனாருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 4.6, டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதியிருக்கிறார். மருமகளுக்கு 6.2, சாப்பாட்டைக் கவனியுங்கள், சில மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். டாக்டர் தாளை மாற்றிப் பார்த்துவிட்டாரோ என்று வீட்டில் ஒருவராவது கேட்பார்.

அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். மாமனாருக்கு 61 வயது, பல வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு), இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை. மருமகளுக்கு 36 வயது, வேறு கோளாறு எதுவும் இல்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்பதை வைத்தே மருந்து முடிவாகிறது. அந்தக் கணக்கில் கொலஸ்ட்ரால் ஒரு வரி மட்டும்தான். தாளில் சிவப்பாகத் தெரியும் ஓர் எண்ணைத் தனியாகப் பிடித்துக்கொண்டு பயப்படுவதும், எல்லாம் கறுப்பாக இருப்பதால் நிம்மதியாகத் தூங்குவதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள்.

மலேசியாவின் சிகிச்சை வழிகாட்டிகள் இந்தக் கணக்குக்கு ஃபிரமிங்ஹாம் அட்டவணையைப் பயன்படுத்துகின்றன. வயது, ஆணா பெண்ணா, மொத்தக் கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தத்தின் மேல் எண், புகைபிடித்தல், இனிப்பு நீர் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. கூட்டி வரும் வாய்ப்பு 10 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைந்த ஆபத்து, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20ஐத் தாண்டினால் உயர் ஆபத்து. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு அட்டவணையே வேண்டாம். அவர் நேராக மிக உயர்ந்த வரிசையில் நிற்கிறார். இனிப்பு நீர் உள்ளவர்களையும் பெரும்பாலும் உயர் ஆபத்து என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

அட்டவணையின் ஆண்கள் பக்கத்தைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மொத்தக் கொலஸ்ட்ரால் 7.2ஐத் தாண்டினால் 4 புள்ளி. புகைபிடித்தாலும் 4 புள்ளி. நாசி கண்டார் சாப்பிடும்போது குழம்பைக் குறைத்து ஊற்றச் சொல்லிவிட்டு, சாப்பிட்டு முடித்ததும் வெளியே நின்று சிகரெட் பற்றவைப்பவர் எந்தக் கணக்கைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிவதில்லை.

தமிழ்நாட்டு எண், மலேசிய எண்

இது நம் வாட்சாப் குழுக்களின் தனிச்சொத்து. சென்னையிலிருந்து ஒரு டாக்டரின் காணொளி வரும்: கொலஸ்ட்ரால் 200க்குள், வெறும் வயிற்றுச் சர்க்கரை 126க்குள் இருக்க வேண்டும். நம் தாளிலோ 5.8, 7.4 என்று இருக்கும். அவர்கள் மில்லிகிராமில் எழுதுகிறார்கள், நாம் மில்லிமோலில். கொலஸ்ட்ராலுக்கு 200 என்பது நம் 5.2, சர்க்கரைக்கு 126 என்பது நம் 7.0. இரண்டுக்கும் ஒரே பெருக்கல் கிடையாது: சர்க்கரையை 18ஆல் பெருக்க வேண்டும், கொலஸ்ட்ராலை ஏறக்குறைய 38.7ஆல். இணையத்தில் கிடைக்கும் ஆபத்துக் கணிப்பான்களில் அளவை மாற்றாமல் எண்ணைத் தட்டிவிட்டு, ஆபத்தே இல்லை என்று மகிழ்ந்தவர்கள் உண்டு.

வரம்புகளும் நாட்டுக்கு நாடு மாறும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டைத் தொட்டால்தான் இனிப்பு நீர் என்று பல நாடுகள் சொல்கின்றன. மலேசிய வழிகாட்டி 6.3இலேயே அப்படிக் கணக்கிடுகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறு அல்லது இரத்தச்சோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதால் டாக்டரிடம் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

பரிசோதனைக்காக நல்ல பிள்ளையாவது

தைப்பூச விரதம் முடியும் வாரத்தில் இரத்தம் கொடுத்தால் எண்கள் அழகாகத்தான் இருக்கும். விரதத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் வருடம் முழுவதும் சாப்பிடும் சாப்பாட்டின் கணக்கு அந்தத் தாளில் வராது. வேறு சிலர் நேர் எதிர்: என் உண்மையான நிலை தெரிய வேண்டும் என்று பரிசோதனைக்கு முன் சில நாள்கள் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். இரத்த அழுத்த மாத்திரையில் இந்த விளையாட்டு ஆபத்தானது. டாக்டருக்கு வேண்டியது மாத்திரை எடுத்தும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

'எனக்குக் கொதிப்பு இல்லை' என்று சொல்பவரிடம் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், ஆமாம், அதனால்தான் இல்லை என்பார். அட்டவணைக்கு இந்த வேறுபாடு முக்கியம். ஓர் ஆணுக்கு மேல் எண் 125 என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை இல்லாமல் 125 என்றால் புள்ளி எதுவும் இல்லை. மாத்திரையோடு 125 என்றால் 2 புள்ளி. சொல்லாமல் விட்டால் கணக்கே தவறு.

ஒரே ஒரு அளவை வைத்து முடிவு செய்வதும் இந்த வகைதான். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றி, படியேறி வந்து உட்கார்ந்தவுடன் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினால் எவருக்கும் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, சிகரெட் கூடாது. கிளினிக்கில் 140க்கு 90 என்பது கொதிப்பின் எல்லை என்றால், வீட்டில் அளக்கும்போது 135க்கு 85 எல்லை. சில நாள்களின் வீட்டு அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டரின் பாதி வேலை முடிந்தது.

அட்டவணை யாருடைய உடலில் இருந்து வந்தது?

ஃபிரமிங்ஹாம் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 1948இல் அங்கே 5,209 பேரைத் தேர்ந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இதய நோயைப் பற்றி இன்று நாம் பேசும் பாதி விஷயங்கள் அந்த ஊர்க்காரர்களின் புண்ணியத்தில் தெரிந்தவை. ஆனால் அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். தெற்காசிய வம்சாவளியினருக்கு இதய நோய் பல ஆண்டுகள் முன்கூட்டியே வருகிறது. வெளிப்பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

ஆகவே அட்டவணை 8 விழுக்காடு என்று சொன்னால் நம்மைப் போன்றவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பது என் எண்ணம். அட்டவணை கேட்காத கேள்விகள் இருக்கின்றன, அவற்றை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது குடும்பம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ அக்காள் தங்கைக்கோ 65 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் அது பெரிய செய்தி. ஃபிரமிங்ஹாம் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் தாத்தா எதனால் போனார் என்று கேட்டால் 'திடீரென்று போய்விட்டார்' என்பதற்கு மேல் பதில் கிடைப்பதில்லை. உயிரோடு இருக்கும் அத்தையிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்: வயது என்ன, வயலிலா வீட்டிலா, நெஞ்சு வலி என்றாரா.

அடுத்தது இடுப்பளவு. ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. உடல் எடைக் குறியீட்டிலும் நமக்கு 25 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 23இலிருந்தே கவனம் வேண்டும். பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: கர்ப்பகாலத்தில் இனிப்பு நீரோ கொதிப்போ வந்ததா? பிரசவத்தோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்து எவரும் சொல்வதில்லை, பின்னாளில் இதய ஆபத்தை அது கூட்டுகிறது என்றாலும். சிறுநீரகப் பரிசோதனை, ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதுமான லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற, பரம்பரையாக வரும் இரத்தக் கொழுப்பின் அளவு ஆகியவற்றை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இளைஞர்களுக்கு அட்டவணை இன்னும் அதிகமாக ஏமாற்றும், ஏனென்றால் புள்ளிகளில் பெரும்பங்கு வயதுக்குப் போகிறது. 34 வயதில் புகை, தொப்பை, கொதிப்பு மூன்றும் இருந்தும் பத்து ஆண்டு வாய்ப்பு சிறியதாக வரலாம். அந்தச் சிறிய எண் இப்போதைக்கு மட்டும்தான். அவருடைய வாழ்நாள் ஆபத்து பெரியது.

விழுக்காட்டை எப்படிப் படிப்பது

20 விழுக்காடு என்றால், உங்களைப் போன்ற 100 பேரில் பத்து ஆண்டுகளில் 20 பேருக்கு வரும் என்று பொருள். அந்த 20இல் நீங்கள் இருப்பீர்களா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. கெட்ட கொலஸ்ட்ரால் 1 மில்லிமோல் குறைந்தால் ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 25 விழுக்காடு ஆபத்துள்ள 100 பேர் மாத்திரை எடுத்தால் ஐந்து பேர் தப்பிக்கிறார்கள். 5 விழுக்காடு ஆபத்துள்ள 100 பேர் எடுத்தால் ஒருவர். மாத்திரை ஒன்றுதான், பலன் ஒன்றல்ல. மருமகளுக்கு ஏன் இப்போது எழுதவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

அஸ்பிரினை 'எதற்கும் இருக்கட்டும்' என்று தாமாகவே தினமும் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே கணக்கு. 2018இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, இதய நோய் வராதவர்களுக்கு அதன் நன்மையை இரத்தக்கசிவு பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது என்பது தெளிவாகிவிட்டது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களின் கதை வேறு. அவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

ஸ்டேட்டின் எடுத்து எண் இறங்கியதும் நிறுத்துவது நம் ஊரில் மிகவும் பரவலாக நடப்பது. எண்ணை இறக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

வலி வந்த பிறகு கணக்குப் போடுவது

மேலே சொன்னதெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்துவிட்டால் போன மாதம் வந்த 6 விழுக்காட்டுக்கு மதிப்பு எதுவும் இல்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். காற்று என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். மாலை நேரத்தில் பட்டர்வொர்த்திலிருந்து தாமே காரோட்டிப் பினாங்குப் பாலத்தில் ஏறுவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை.

அவசரப் பிரிவிலும் நடப்பது ஆபத்துக் கணிப்புதான்: சிவப்பு, மஞ்சள், பச்சை. முன்னால் வந்தவருக்கு முன்னால் என்ற வரிசை அங்கே இல்லை, ஆகவே முகப்பில் சொல்லும் முதல் வாக்கியம் முக்கியம். 'உடம்பு சரியில்லை' என்று சொல்லாதீர்கள். நெஞ்சு வலி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, இனிப்பு நீர் உண்டா, என்ன மாத்திரைகள் என்று சொல்லுங்கள். மாத்திரைப் பையையும் கையோடு கொண்டு போங்கள்.