பெரிய டாலர் காயின் சேர்க்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயின் ஷோவுக்கு எப்ப போனாலும் புதுசா ஆரம்பிச்ச யாராவது ஒருத்தர் அதே பழைய குழியில போய் விழுந்துட்டு நிக்கிறாரு. காயினை தேய்ச்சு கழுவாதீங்க, முகத்துல விரல் வைக்காதீங்கன்னு எல்லாரும் சொல்லியாச்சு, அதை விட்டுடறேன். நான் சொல்றது அமெரிக்காவோட 38.1 மில்லிமீட்டர் டாலரைப் பத்தி, அதாவது ஐசன்ஹோவர் டாலரும் 1983ல இருந்து வந்த நினைவு வெள்ளி டாலரும்.

எஸ் இருந்தா வெள்ளின்னு நம்புறது

இதை நினைச்சா இப்பவும் எரிச்சல்தான் வருது. 1971ல இருந்து 1978 வரைக்கும் வந்த ஐசன்ஹோவர் டாலர்ல (சேர்க்கிறவங்க ‘ஐக்’னுதான் சொல்லுவாங்க) முன்பக்கம் அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஐசன்ஹோவர் தலை, பின்பக்கம் அப்போலோ 11 நினைவா நிலாவுல இறங்குற கழுகு (1776-1976னு போட்டதுல மட்டும் லிபர்ட்டி பெல்லும் நிலாவும்). புழக்கத்துக்கு விட்டது கிளாட், நடுவுல செம்பு, ரெண்டு பக்கமும் செம்பு நிக்கல் கலவை. சேகரிக்கிறவங்களுக்குன்னு சான் பிரான்சிஸ்கோல 40 சதவீத வெள்ளியில தனியா அடிச்சாங்க, அதுல கழுத்துக்கு கீழ வருஷத்துக்கு மேல பொடியா ஒரு எஸ், சான் பிரான்சிஸ்கோ மின்ட்டுல அடிச்சதுன்னு அடையாளம். 1971, 1972 எஸ்னா பிரச்சனையே இல்ல, வெள்ளிதான். ஆனா 1973ல இருந்து அதே சான் பிரான்சிஸ்கோல கிளாட்லயும் ப்ரூஃப் (சேகரிக்கிறவங்களுக்காக மெருகேத்தி அடிக்கிற காயின்) அடிச்சு சாதா ப்ரூஃப் செட்டுல போட ஆரம்பிச்சாங்க, அதுலயும் எஸ் இருக்கும், அதுவும் கண்ணாடி மாதிரிதான் மின்னும். 1973, 1974, அப்புறம் 1776-1976னு ரெட்டை வருஷம் போட்டது, மூணுலயும் ரெண்டு ரகமும் உண்டு. 1977, 1978 எஸ்ஸை வெள்ளின்னு யாராவது நீட்டினா திருப்பிக் கொடுத்துட்டு நடையைக் கட்டுங்க.

தெரிஞ்ச பையன் ஒருத்தன், நல்லா படிச்சவன்தான், ஆன்லைன்ல 1974, 1976 எஸ்ஸா பார்த்து மொத்தமா வெள்ளி ரேட்டுக்கு வாங்கிட்டு வந்தான். தராசுல வச்சோம், ஒவ்வொண்ணும் 22.6, 22.7னு காட்டுது. வித்தவர்கிட்ட கேட்டா, "நான் எங்கயாவது சில்வர்னு எழுதியிருக்கேனா, எஸ் மின்ட் ப்ரூஃப்னுதானே போட்டிருக்கேன்"ங்கிறாரு. எழுதலதான்! விலையை மட்டும் வெள்ளி விலையா வச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்காரு, இதுல எந்தப் புகாரும் எடுபடாது.

கிளாட் 22.68 கிராம், வெள்ளி 24.59 கிராம், சமையல்கட்டு டிஜிட்டல் தராசே இந்த வித்தியாசத்தை காட்டிடும். தராசு இல்லையா, காயினோட விளிம்பைப் பாருங்க: கிளாட்ல செம்புக் கோடு ஒண்ணு பழுப்பா சுத்தி ஓடும், வெள்ளியில அந்தக் கோடு இல்லாம சாம்பலா இருக்கும். ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா விளிம்போட போட்டோ கேளுங்க, அனுப்பத் தயங்குறவர்கிட்ட பேச்சை வளர்க்காதீங்க.

பெட்டியையும் சர்டிபிகேட்டையும் பார்த்து மயங்குறது

1986 லிபர்ட்டி சிலை டாலர், அழகான பெட்டி, உள்ள சர்டிபிகேட், "லிமிடெட் எடிஷன் சார்"னு விப்பாங்க. ப்ரூஃப் மட்டும் 64 லட்சத்துக்கு மேல போயிருக்கு, இதுல லிமிட் எங்க இருக்கு? 90 சதவீத வெள்ளி, 26.73 கிராம், அன்னைக்கு வெள்ளி என்ன விலையோ அதுக்கு மேல கொஞ்சம் கொடுங்க, போதும்.

ப்ரூஃப்தான் ஒசத்தின்னு நினைக்கிறது

பளபளப்பைப் பார்த்து எல்லாரும் ப்ரூஃபையே வாங்குவாங்க, அதனாலயே பல வருஷத்துல அன்சர்குலேட்டட், அதாவது புழக்கத்துக்கு விடாத, ப்ரூஃப் மெருகு இல்லாத ரகம்தான் கம்மியா வித்திருக்கு. 1996 பாராலிம்பிக்ஸ் டாலர்ல ப்ரூஃப் 84,000க்கு மேல, அன்சர்குலேட்டட் 14,500 கூட இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி எவ்வளவு அடிச்சாங்கன்னு பாருங்க.

தங்க முலாம் பூசினது, கலர் அடிச்சது

வேணாம்.

பிவிசி கவர்

வளைஞ்சு கொடுக்கிற, பிளாஸ்டிக் வாடை அடிக்கிற கவர்னா அதுல வைக்காதீங்க, கொஞ்ச வருஷத்துல பச்சையா பிசுபிசுன்னு காயின் மேல ஏறிடும். கெட்டியான கேப்ஸ்யூல் (காயின் வைக்கிற பிளாஸ்டிக் டப்பா) வாங்குங்க, சைஸ் பார்த்து வாங்குங்க. 2019ல வந்த அப்போலோ 11 அஞ்சு அவுன்ஸ் டாலர் 3 இஞ்ச் அகலம், ஐக் கேப்ஸ்யூலுக்குள்ள அது போகாது.